களைப்பு யார் கணக்கில்?

2023ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், கொவிட்-19 தொற்றை முன்னிட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேலாக நிலவிவந்த உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிவுற்றதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோயின் அவசரம் நீங்கியதென்று சொல்ல ஒரு நாளைக் குறிக்க முடிகிறது. அந்நோய்க்காலம் மனிதரின் உடலிலும் உள்ளத்திலும் குடும்பத்தின் பணப்பெட்டியிலும் விட்டுச்சென்ற களைப்பு நீங்கியதென்று அறிவிக்க எந்த நிறுவனமும் இல்லை. அதற்கு நாள் குறிக்கும் பஞ்சாங்கமும் இல்லை.

அக்களைப்பைப் பற்றியே இங்கு எழுத முனைகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். பொருளியல் அறிஞரும் அல்லோம். மட்டக்களப்பு வாவிக்கரையில் குடியிருந்து, அரசாங்கப் பாடசாலையொன்றில் கற்பித்து, மாதச் சம்பளத்தில் ஐந்து உயிர்களைப் பேணிவரும் ஓர் ஆசிரியக் குடும்பத்தினர். எமது அனுபவம் பெரிதன்று. அது எமக்கு மட்டும் உரியதுமன்று. பிந்தியது உண்மையாயிருப்பதனாலேயே முந்தியதைச் சொல்லத் துணிகிறோம்.

களைப்பு என்பது என்ன? நாள் முழுதும் வயலில் நின்றவன் மாலையில் உணர்வதும் களைப்புத்தான். ஆயினும் ஓர் இரவின் உறக்கம் அதனைத் தீர்த்துவிடும். உறங்கி எழுந்த பின்னும் தீராத களைப்பு ஒன்றுண்டு. 1974இல் நியூயோர்க் நகரத்தின் இலவச மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹேர்பேர்ட் ஃப்ரொய்டன்பேர்கர், தம்முடன் உழைத்த தொண்டர்களிடம் அதனைக் கண்டு, எரிந்து தீர்ந்துபோதல் என்னும் கருத்துடைய ஒரு பெயரை அதற்கு வழங்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனது நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் அதனை ஒரு நோயாகவன்றித் தொழில்சார் நிலையாக வரையறுத்து, மூன்று அடையாளங்களைக் கூறிற்று. சக்தி வற்றிப்போதல் ஒன்று. செய்யும் தொழிலிலிருந்து மனம் விலகி அதன்மீது அவநம்பிக்கை கொள்ளுதல் மற்றொன்று. செய்வது எதனாலும் பயனில்லை என்னும் உணர்வு மூன்றாவது. இந்நிலை தொழிலிடத்துக்கே உரியது, வாழ்வின் பிற துறைகளுக்கு இதனைப் பொருத்தலாகாது என்றும் அந்த வரையறை எச்சரிக்கின்றது.

எச்சரிக்கை நன்று. ஆனால் நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். வீடே தொழிலிடமாகிவிட்டால்? அடுப்படியின் ஓரம் வகுப்பறையாகவும், திண்ணை நோயாளர் விடுதியாகவும், படுக்கை அலுவலகமாகவும் மாறிவிட்ட ஒரு காலத்தில், தொழில் எங்கே முடிகிறது, வாழ்வு எங்கே தொடங்குகிறது? இன்னும் ஒரு படி மேலே சென்று கேட்கலாம்: வீடு என்பது என்றைக்குமே தொழிலிடமாக இருந்துவரும் பெண்ணுக்கு அந்த வரையறை எக்காலத்திலாவது பொருந்தியதுண்டா?

*

எம் நிலத்தைச் சற்று அறிமுகஞ் செய்வது அவசியம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்களும் குளங்களும் பரந்த நிலம் படுவான்கரை. எழுவான்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஊருக்கு ஊர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மீன்பிடி, நெசவு, வியாபாரம், அரசாங்க உத்தியோகம் என்பன அவர்தம் பிழைப்பு. படுவான்கரையோ வேளாண்மையை நம்பிய பூமி. இரு கரைகளையும் இணைக்க இன்றும் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதை ஓடுகிறது. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்பட்டதன் பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிரயாணம் எளிதாயிற்று. நாம் குடியிருப்பது எழுவான்கரையில், கற்பிப்பது படுவான்கரையில்.

2020 மார்ச் 11ஆம் நாள் இலங்கையரொருவருக்கு நாட்டுக்குள்ளேயே தொற்று ஏற்பட்டமை முதன்முதலாக உறுதியாயிற்று. அதற்கு முதல்நாளே வெளிநாட்டிலிருந்து திரும்பியோரைத் தடுத்துவைப்பதற்கான நிலையம், எமது மாவட்டத்துப் புணானையில் பல்கலைக்கழகத்துக்கெனக் கட்டப்பட்டிருந்த கட்டடத்தில் அமைந்துவிட்டது. அடுத்த ஓரிரு நாட்களில் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. அன்றிலிருந்து வாவி எமக்கு நீர்நிலையாக இருக்கவில்லை, எல்லைக்கோடாயிற்று. எம் மாணவர் அக்கரையில், நாம் இக்கரையில்.

ஊரடங்கு எல்லோருக்கும் ஒன்றே என்றனர். அது உண்மையன்று. மாதச் சம்பளம் வங்கிக்கு வந்துசேரும் வீட்டில் ஊரடங்கு ஒரு மாதிரி. அன்றன்று உழைத்து அன்றன்று அரிசி வாங்கும் வீட்டில் அது வேறு மாதிரி. 5,000 ரூபா நிவாரணம் 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வழங்கப்பட்டது. கிராம உத்தியோகத்தரின் வீட்டு வாசலில் பெயர்ப் பட்டியலுக்காக நின்ற கூட்டத்தைக் கண்டவர்கள், பசிக்கு ஒரு மீற்றர் இடைவெளியைக் கற்பிப்பது எத்தனை அரிது என்பதையும் கண்டிருப்பர்.

எமது வீட்டுக்குச் சம்பளம் வந்தது. அதனை நாம் ஒருபோதும் மறக்கவில்லை. ஆனால் இரு கால்களில் நின்ற வீடு ஒரு காலில் நிற்கவேண்டியதாயிற்று. எமது துணைவி முன்பள்ளி ஆசிரியை. முன்பள்ளி ஆசிரியையின் ஊதியம் பெரும்பாலும் பெற்றோர் கொடுக்கும் சிறு கட்டணத்தில் தங்கியிருப்பது; முன்பள்ளி மூடப்பட்ட மாதமே அக்கட்டணம் நின்றது. நின்ற ஊதியத்தைப் பற்றி எவரும் அறிக்கை விடவில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைத் தொழிலென்றே கணிக்காத ஒரு சமூகம், அத்தொழில் பறிபோனதையும் இழப்பென்று கணிக்காதது வியப்பன்று.

*

பின்பு தொலைபேசி வழியான கல்வி வந்தது. 'கற்றல் நிற்கலாகாது' என்று மேலிடத்துச் சுற்றறிக்கைகள் கூறின. நேத்ரா தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. வட்ஸ்அப் குழுக்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் முளைத்தன. எமது வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட் தொலைபேசி. காலையில் அதில் நாம் கற்பிக்க வேண்டும். அதே வேளையில் மூத்த மகளுக்கு வகுப்பு. அதே வேளையில் இளையவனுக்கும் வகுப்பு. கண்ணாடி உடைந்த அந்தச் சிறு கருவியைச் சுற்றி மூவர் அமர்ந்து, யாருடைய பாடம் இன்று முக்கியமானது என வழக்காடிய நாட்கள் பல.

அக்கரையிலோ அந்த வழக்குக்கும் இடமில்லை. எமது வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் இரவு பத்து மணிக்குக் குரற்பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "சேர், அப்பாட போன் அவரோட தோணியில போயிற்று. இரவைக்குத்தான் பாடம் பார்க்கலாம். இப்ப செய்து அனுப்பினா ஏற்பீங்களா?" ஏற்றோம். அவ்வாறே பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் வரும் விடைகளைத் திருத்தத் தொடங்கினோம். ஆசிரியரின் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும் வழக்கம் இவ்வாறுதான் பிறந்தது. எவரும் கட்டளையிட்டுப் பிறந்ததன்று. வறுமை எந்த நேரத்தில் ஓய்வாயிருக்கிறதோ அந்த நேரத்தில்தான் கல்வி அதனைச் சந்திக்க முடிந்தது.

ஊவா மாகாணத்துப் பொஹிட்டியாவ என்னும் கிராமத்தில், அலைவரிசை கிடைப்பதற்காக மாணவரும் ஆசிரியையும் காட்டுப் பாதையில் நடந்து மலைப்பாறை ஏறியதை 2021இல் உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. மலையில் ஏறுவது படமாகிறது. படுவான்கரையில் வயல் வரம்பில் நின்று கையை உயர்த்திப் பிடித்த பிள்ளைகள் படமாகவில்லை. பெற்றோர் சிலர் 'ரீலோட்' போடுவதற்காக அன்றைய கறிக்காசைக் குறைத்தனர். இயலாதோர்க்கு வினாத்தாள்களைப் பிரதி எடுத்துச் சைக்கிளில் கொண்டுசென்று கொடுத்தோம். பிரதிச் செலவு எம் கையிலிருந்து சென்றது. 1945இல் கன்னங்கரா காலத்தில் இந்நாடு இலவசக் கல்வியை நிலைநாட்டியது. அந்த இலவசம் சட்டப்படி இரத்தாகவில்லை. கடையில் விற்கும் 'டேட்டா' அட்டையின் வழியே ஓசையின்றி விலைக்கு வந்தது.

*

2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை தோன்றிற்று. பேலியகொட மத்திய மீன்சந்தையில் தொற்றுக் கண்டுபிடிக்கப்பட்டு அச்சந்தை மூடப்பட்டது. கொழும்பிலே ஒரு சந்தையின் கதவு சாத்தப்பட்டால் மட்டக்களப்பு வாவியில் ஒரு தோணி கரையேறிக் கிடக்கும் என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம். மீன் தின்றால் நோய் வரும் என்ற பீதி நாடெங்கும் பரவியது. பீதியைப் போக்குவதற்காக முன்னாள் அமைச்சர் ஒருவர் அவ்வாண்டு நவம்பரில் பத்திரிகையாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். உலகம் சிரித்தது. எமது அயல்வீட்டு மீனவர் சிரிக்கவில்லை. "மீனுக்கா மாஸ்டர் வருத்தம்? மனிசருக்குத்தானே வந்திருக்கு!" என்றார். அன்று அவர் பிடித்துவந்த செப்பலியும் இறாலும் வாங்குவாரின்றி ஊருக்குள்ளேயே பங்கிடப்பட்டன. மீனைத் தின்றோம், ஆனால் தோணியின் தவணையை மீனால் கட்ட முடியாதே.

தவணை என்ற சொல்லைச் சொன்னபின் நுண்கடனைப் பற்றிச் சொல்லாதிருக்க முடியாது. போருக்குப் பிந்திய கிழக்கில், பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவள் பிணையென வைத்து, வாரந்தோறும் வசூலிக்கும் கடன் வாசல்தோறும் நுழைந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, இத்தகைய சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை உயர்ந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். பெருந்தொற்றின் தொடக்கத்தில் தவணைகளுக்குச் சலுகைக்காலம் அளிக்கப்பட்டது. சலுகையில் தள்ளிப்போனது தவணைதான், கடன் தள்ளிப்போகவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் வசூலிப்பவரின் மோட்டார்ச் சைக்கிளே எமது ஒழுங்கைக்குள் முதலில் வந்த வாகனம். ஒருத்தி கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் அவள் வாசலில் நிற்க வேண்டும். அயலவளை அயலவளுக்குக் காவலாக்கும் இந்த ஏற்பாட்டின் களைப்பை எந்த வரையறையில் சேர்ப்பது? 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் அமர்ந்தபோது, அவர்கள் சொன்ன கதை எம் ஒழுங்கைக் கதையாகவே இருந்தது. மொழி வேறு; கடன்கொப்பி ஒன்று.

*

களைப்பின் இன்னொரு ஊற்று துக்கம். அதிலும் ஆற்றப்படாத துக்கம். எமது ஊர்களில் மரணம் தனியொரு வீட்டின் காரியமன்று. தமிழர் வீட்டில் எட்டு என்றும் முப்பத்தொன்று என்றும் ஊர் கூடும். முஸ்லிம் வீட்டில் ஜனாஸாவுக்குத் தோள்கொடுக்கத் தெருவே திரளும். தொற்றுக்காலம் அதனைப் பறித்தது. முஸ்லிம் மக்களுக்கு அது வேறொரு கொடுமையையும் செய்தது. அடக்கஞ் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரல் முதல் தொற்றினால் இறந்தோர் யாவரையும் எரித்தே ஆகவேண்டுமென்று அரசாங்கம் கட்டளையிட்டது. நாட்டினுள்ளும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பின் பின்னர் 2021 பெப்ரவரி இறுதியில் அது தளர்ந்தது. மார்ச் 5ஆம் நாள் முதல் எமது மாவட்டத்து ஓட்டமாவடியில், மஜ்மா நகர் நிலத்தில் உடல்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. ஓராண்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மண்ணுக்குள் சென்றனர். எங்கோ தூர ஊர்களில் வாழ்ந்தவர்கள், உறவினர் ஓரிருவர் மட்டும் உடன்வர, முன்பின் காணாத மண்ணில் இடப்பட்டனர். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வேண்டியதே. ஆயினும் எரிக்கப்பட்ட ஒருவரின் மனைவி அந்த நாட்களில் உறங்காதிருந்த இரவுகள் எந்தத் தீர்மானத்தாலும் திரும்பி வாரா.

1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்டவர்கள் எம் மக்கள். முப்பதாண்டுப் போரைக் கண்டவர்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையைக் கண்டவர்கள். 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் சிறு பிள்ளைகள் மாண்டதைக் கண்டவர்கள். "எங்கட சனம் எதையும் தாங்கும்" என்று மேடைகளில் புகழ்கிறார்கள். இப்புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு ஐயம் உண்டாகிறது. தாங்கும் மாட்டுக்குத்தான் மேலும் ஒரு மூட்டை ஏற்றுவார்கள்.

*

2021இன் நடுப்பகுதியில் எமது வீட்டின் நிலை எவ்வாறிருந்தது என்பதை ஒரு கொப்பியே சொல்லும். துணைவி ஒவ்வொரு நாட் செலவையும் பிள்ளைகளின் பழைய பயிற்சிக் கொப்பியொன்றில் எழுதிவந்தாள். சம்பளத்தில் இடர் கடனுக்குக் கழிவது ஒரு பங்கு. அடைவு வைத்த நகையின் வட்டிக்குப் போவது ஒரு பங்கு. அம்மாவின் நீரிழிவு மருந்து, பால்மா, மின்சாரம், 'டேட்டா' என மிகுதி கரையும். ஊரடங்கு நாட்களில் வைத்தியசாலையின் மருந்துப் பொதியைத் தபால் ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தமை அக்கொப்பியில் செலவாக இடம்பெறவில்லை. ஆனால் நன்றியோடு இங்கே பதிய விரும்புகிறோம். பொதுச்சேவை என்பது யாது என விளக்க அதைவிடச் சிறந்த பாடம் எம்மிடம் இல்லை.

ஒருநாள் மாலை அவள் அக்கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, 'வீடு கொடுத்தது' எனத் தலைப்பிட்டு ஒரு பட்டியல் எழுதினாள். பாடசாலைக்கு வகுப்பறை, மின்சாரம், தொலைபேசி. வைத்தியசாலைக்குக் கட்டிலும் தாதியும். மூடிய முன்பள்ளிக்கு ஆசிரியை. வேலையிழந்து திரும்பிய தம்பிக்கு மூன்று மாதச் சோறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை இடும் இடத்தை வெறுமையாக விட்டாள். பின்பு எம்மைக் கூப்பிட்டு, "இஞ்சாருங்க, கூட்டிக் கழிச்சுப் பார்த்தா நாம கடன்காரர் இல்ல. எல்லாருக்கும் நாமதான் கடன் குடுத்திருக்கம்" என்றாள்.

அந்தப் பட்டியலைவிடத் தெளிவான பொருளியல் நூலொன்றை நாம் படித்ததில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அரசும் சந்தையும் தாம் சுமந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கின. இறக்கிய சுமை காற்றில் மறையவில்லை. வீட்டுக்குள் வந்து விழுந்தது. வீட்டுக்குள்ளும் அது சமமாக விழவில்லை. பெண்ணின் தோளில் விழுந்தது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, முதியவளைக் குளிப்பாட்டி, இரு பிள்ளைகளின் பாடங்களுக்கும் துணையிருந்து, மாலையில் அப்பம் சுட்டு அயலுக்கு விற்று, இரவில் கணக்கெழுதும் ஒருத்தி, "நான் சும்மாதான் வீட்டில இருக்கிறன்" என்று சொல்லுமாறு பழக்கப்பட்டிருக்கிறாள். களைப்பு என்று நாம் சொல்வது, கூலியின்றிச் செய்யப்பட்ட வேலையின் இரசீது அன்றி வேறென்ன?

இதனைக் கண்டபின் வீட்டில் ஒரு பங்கீடு செய்தோம். சுவரில் ஒரு தாளை ஒட்டி, வேலைகளை எல்லாம் எழுதி, மகளுக்கும் மகனுக்கும் எமக்கும் பெயரிட்டோம். மகனுக்குப் பாத்திரம் கழுவும் முறை வந்தபோது அம்மா, "ஆம்பிளப் பிள்ளையக் கொண்டு இதெல்லாம் செய்விக்கிறதா?" என்றார். அவன் கழுவினான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் துணைவிக்கு எந்த வேலையும் இல்லையென்று விதித்தோம். முதல் இரு வாரங்கள் அவள் அந்நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது எழுந்து எழுந்து அடுப்படிக்குச் சென்றாள். மூன்றாம் வாரம் உறங்கினாள்.

*

அதே ஜூலையில் ஆசிரியர் போராட்டம் தொடங்கிற்று. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் போராடிய இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் 2021 ஜூலை 8ஆம் நாள் கைதாகி, பிணை பெற்ற பின்னும் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 12ஆம் நாள் முதல் ஆசிரியர்கள் தொலைபேசி வழியான கற்பித்தலிலிருந்து விலகினர். இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தீர்க்கப்படாதிருந்த சம்பள முரண்பாடும் முன்வைக்கப்பட்டது. சிங்கள ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் முஸ்லிம் ஆசிரியரும் ஒரே கோரிக்கையைச் சொன்ன காலம் அது. ஒக்டோபர் 25ஆம் நாள் பணிக்குத் திரும்பினோம்.

அப்போராட்டத்தை எல்லோரும் வாழ்த்தவில்லை. அக்கரைப் பெற்றோர் ஒருவர் எம்மிடம் நேரே கேட்டார்: "சேர், நீங்க சம்பளம் எடுத்துக்கொண்டுதானே போராடுறீங்க. எங்கட பிள்ளையளுக்கு ஆரு போராடுறது?" நியாயமான கேள்வி. சங்கத்தின் கூட்டங்களிலே நாம் இக்கேள்வியை எடுத்துரைத்தோம். ஆசிரியரின் சம்பளம் பிள்ளையின் கல்வியிலிருந்து வேறானதன்று என்று நாம் நம்புகிறோம். ஆனால் மீனவரும் விவசாயியும் அதை நம்பவேண்டுமானால், அவர்தம் கடனும் எமது சங்கத்தின் தீர்மானத்தில் இடம்பெற வேண்டும். ஒன்று மட்டும் உறுதி. உறக்கமும் மருந்தும் தராத ஒரு தெம்பை அந்த மாதங்கள் எமக்குத் தந்தன. 'செய்வது எதனாலும் பயனில்லை' என்னும் மூன்றாவது அடையாளம், பலருடன் சேர்ந்து நின்ற நாட்களில் எம்மை விட்டு நீங்கியிருந்தது.

தொற்று ஓய்ந்ததும் களைப்பு ஓயும் என எண்ணியிருந்தோருக்கு 2022 காத்திருந்தது. இரசாயன உரத் தடையால் படுவான்கரை வயல்கள் வாடின. கொழும்பு விலையில் 1,500 ரூபாவுக்குள் இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு 2021 ஒக்டோபரில் 2,600ஐத் தாண்டி, 2022 ஏப்ரலில் 4,860 ஆயிற்று. ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென நாடு அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. எரிபொருளின்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. இறுதியாகக் கதவுகள் திறந்தபோது எமது வகுப்பில் மூன்று ஆண்பிள்ளைகளின் இருக்கைகள் வெறுமையாயிருந்தன. ஒருவன் தந்தையின் தோணியில்; ஒருவன் கொழும்புக் கடையில்; ஒருவன் மேசன் வேலையில். பதிவேட்டில் அவர்களின் பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையால் கோடிட வேண்டும் என்பது விதி. அக்கோட்டை இடுவதற்கு முன், மூன்று வீடுகளுக்கும் சென்றோம். ஒருவன் திரும்பி வந்தான்.

*

இனி, என்ன செய்வது? வானொலியும் பத்திரிகையும் எமக்கு மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கின்றன. நல்ல இசை கேட்கச் சொல்கின்றன. இவற்றை நாம் எள்ளவில்லை. உறக்கம் கெட்டு, வாழ்வே வேண்டாமென மனம் சொல்லத் தொடங்கிய எவரும் தாமதியாது வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடவேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் எழுதிவைக்க வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. ஆனால் தோளில் மூட்டை இருக்கும்போது தோளுக்கு மட்டும் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தால் போதுமா? மூட்டையையும் இறக்க வேண்டாமா?

இறக்கும் வழிகள் சில எமக்குத் தெரிகின்றன. வீட்டினுள்ளே வேலையும் கணக்கும் பொதுவாதல் வேண்டும்; வரவையும் கடனையும் ஆண் ஒருவனே மறைத்துவைத்துத் தனியே வேகும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒழுங்கையினுள்ளே, பெண்களை ஒருவர்க்கொருவர் காவலாக்கும் கடன்குழுவுக்குப் பதிலாக, அவர்களே நடத்தும் சேமிப்புச் சங்கங்கள் வளர வேண்டும். எமது ஒழுங்கைப் பெண்கள் தம் சீட்டுக் காசின் ஒரு பங்கை நோய்க்கும் சாவுக்குமென ஒதுக்கி வைக்கத் தொடங்கியிருப்பது சிறியதேயாயினும் சரியான தொடக்கம். பாடசாலையிலே, இரவு எட்டு மணிக்கு மேல் ஆசிரியருக்கும் மாணவருக்கும் எந்தச் செய்தியும் அனுப்பலாகாது என்பது விதியாக வேண்டும். நாட்டிலே, முன்பள்ளி ஆசிரியைக்கு நிரந்தர ஊதியமும், கல்விக்கான இணையத்துக்கு இலவசமும், நுண்கடனில் நலிந்தோர்க்குக் கடன் நீக்கமும் கேட்டுப் பெறப்பட வேண்டும்.

இவை கனவுகள் என்பாருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் இத்தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கேகாலைக் கிராமங்களுக்குள் சென்றனர். சென்றவர்கள் அங்கே நோயை மட்டும் காணவில்லை. நோய்க்கு உடலைத் தயார்செய்து வைத்திருந்த பட்டினியையும் கண்டனர். அந்தக் காட்சியிலிருந்து திரும்பியவர்கள் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். அடுத்த பத்தாண்டுக்குள் இலவசக் கல்வி வந்தது. ஒரு கொள்ளைநோயின் பின் மக்கள் களைத்து விழுவதும் உண்டு. எழுந்து கேட்பதும் உண்டு. எது நிகழும் என்பது, களைப்பை ஒவ்வொருவரும் தத்தம் பலவீனமென மறைத்துவைக்கிறோமா, எல்லோரும் சேர்ந்து அதற்குக் கணக்குக் கேட்கிறோமா என்பதில் தங்கியிருக்கிறது.

துணைவியின் பட்டியலில் தொகை இடும் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே, உங்கள் வீடுகளிலும் அத்தகைய பட்டியலொன்றை எழுதுங்கள். எழுதிய பின் அதனை அடுத்த வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வீட்டில் பெருமூச்சாக இருப்பது, பத்து வீடுகளில் ஒருங்கே வாசிக்கப்படும்போது கோரிக்கையாகிவிடும்.